துலா போய் மெசின் வந்த கதை: யாழ்ப்பாணக் கிணறுகளின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும் வழுக்கையாற்றை விட்டால், குடிக்க, குளிக்க, தோட்டம் செய்ய எல்லாத்துக்கும் கிணற்றுத் தண்ணிதான். கிணறுகளைப் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கும்போது இரண்டு கதை கட்டாயம் வரும். "நிலாவரைக்கு அடியே இல்லை" என்பது ஒன்று. "அந்தக் காலத்தில துலாவால இறைச்சம், தண்ணி வத்தவே இல்லை" என்பது மற்றது. இரண்டையும் நாங்கள் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம்.

நிலாவரை புத்தூருக்குக் கிட்ட இருக்கிறது. இராமர் அம்பு விட்டு உண்டாக்கிய கிணறு என்று சொல்லுவார்கள். அந்தக் கிணற்றில் உண்மையான விசயம் வேறு: மேலே நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உப்புத் தண்ணி. குடாநாடு முழுக்கவும் இதுதான் நிலை. எங்கட மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக் கல். வருசத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணி கல்லுக்குள் இறங்கி, பாரமான கடல் நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். கல்லின் அமைப்பைப் பொறுத்து இது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பாடம் ஒன்றுதான்: எங்கட கிணறு வற்றிப்போக முதலே உவராகிவிடும்.

இனி துலா. ஆடுகாலில் பூட்டிய துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கி, ஏற்றி, வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவார். புகையிலைக் கன்றும் மிளகாயும் இப்படித்தான் நனைந்தன. மனுசர் களைத்தால் இறைப்பு நிற்கும். கிணறும் ஊறிவர நேரம் கிடைக்கும்.

பலருக்குப் பொதுவான கிணறுகளில் பங்குக்கு ஏற்ப முறை வைத்து இறைத்தார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம் இன்றும் எங்கட காணி விசயங்களில் நிற்கிறது. உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் இன்றும் எழுதப்படுகின்றன.

இதையெல்லாம் முன்னோரின் ஞானம் என்று கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி உழைக்கும் உடம்பின் எல்லைதான். அதோடு, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல கிணறுகளில் தாங்களே அள்ளும் உரிமை இருக்கவில்லை. யாராவது அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். கே. டானியல் தன் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தது சும்மா இல்லை.

பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் மெசின் வந்தது. 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் காசு விளைந்த காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் அந்தப் பாதுகாப்புப் போனது, மெசின் போகவில்லை. இங்கேதான் நாங்கள் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. பழைய முறை நேரத்தைப் பங்கிட்டதே தவிர, தண்ணியின் அளவைப் பங்கிடவில்லை. ஒருவருடைய முறையில் துலா இறைத்ததைவிடப் பல மடங்கு தண்ணியை அதே நேரத்தில் மெசின் இறைத்தது. உறுதியில் எழுதியிருந்த பங்கு மாறவில்லை, அதன் அர்த்தம் மாறிவிட்டது. புது எல்லையை யாரும் போடவில்லை.

இறைத்த தண்ணியோடு உரமும் கீழே போனது. ஆட்டெருவுக்கும் குழைக்கும் பதிலாக யூரியா அதிகமாகப் போட, 1980களிலேயே வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டின. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. 1990களின் போர்த் தடையில் எரிபொருளும் யூரியாவும் வருவது அருமையானது. அது தண்ணிக்காக யாரும் போட்ட கட்டுப்பாடு இல்லை, சனத்துக்குப் போட்ட தண்டனை. போர் முடிந்ததும் இரண்டும் திரும்பி வந்தன.

பெரிய திட்டங்களும் இல்லாமல் இல்லை. கடல்நீர் உள்ளே வராமல் தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டினார்கள். 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கி வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவரும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை முன்வைத்தார். அது இன்னும் முழுமையாகவில்லை. இரணைமடுத் தண்ணியைக் கொண்டுவர நினைத்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய வயலுக்கும் அதுதானே தண்ணி. கடைசியில் 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர்.

குடிக்கக் கடல் கைகொடுக்கலாம். வெங்காயப் பாத்திக்கு அந்த விலையான தண்ணியை யார் பாய்ச்சுவது? தோட்டம் கிணற்றில்தான் தங்கியிருக்கும். ஆகவே மூடப்படும் குளங்களையும் கேணிகளையும் காப்பாற்றி மாரித் தண்ணியைக் கீழே இறக்கவேண்டும். வாய்க்கால் பாய்ச்சலுக்குப் பதில் சொட்டு நீரும் தூவல் நீரும் பரவவேண்டும். உரம் அளவாகப் போகவேண்டும். அதைவிட முக்கியம், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒன்றாக இருந்து கோடையில் ஒரு கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்று அளந்து முடிவெடுப்பது. கிணற்றுக்குத்தான் மதில் உண்டு, கீழே இருக்கும் வில்லைக்கு இல்லை.

முறை வைத்து இறைக்க எங்கட ஊருக்குத் தெரியும். இந்தமுறை அது சாதியும் உறுதியும் பார்க்காத, எல்லாருக்குமான முறையாக இருக்கவேண்டும்.