நினைப்புக்கும் எழுவதற்கும் நடுவே ஒரு கேட்

காபி டம்ளரை எடுக்க நினைக்கிறோம், கை போகிறது. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கை சரியாக எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்பதை மூளைக்குள் எது முடிவு செய்கிறது என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம்ம சேப்பாக்கம் வருகிறது, பூனைக்காலி விதை வருகிறது, சர்ப்பகந்தா வேரும் வருகிறது. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் தட்டிப் பிழைப்பவன். அப்பாவுக்காகப் படிக்க ஆரம்பித்த விஷயம் இது.

ரங்கத் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நடு அந்தமானில். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர். வங்காளிகள் நிறைய, தமிழர்கள் கொஞ்சம், எல்லோருக்கும் பொதுவாக ஹிந்தி. அங்கே பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு வயதான காலத்தில் ஒரு விநோதமான சிக்கல் வந்தது. சாப்பிட எழுந்திருக்கச் சொன்னால் "வரேன்" என்பார், ஆனால் வரமாட்டார். வாசற்படி அருகே வந்ததும் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். "பெரியவருக்குப் பிடிவாதம்" என்றார் ஒருவர். "மகன் வெளிநாட்டில் இருக்கான் இல்ல, அந்த ஏக்கம்" என்றார் இன்னொருவர். கை நடுக்கம் அதிகம் இல்லாததால் நடுக்குவாதம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போய்த்தான் பெயர் தெரிந்தது: பார்க்கின்சன்.

1817ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றிச் சிறு நூல் எழுதினார். எழுதியது மொத்தம் ஆறு பேரைப் பற்றி. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நோயின் காரணம் தெரிய அதற்கப்புறம் 140 வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது சேப்பாக்கத்துக்கு வருவோம். 1937ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, பயோகெமிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பட்டால் அரிப்பெடுக்குமே, அதே பூனைக்காலிதான். இந்தப் பொருளை 1913லேயே ஐரோப்பாவில் குகன்ஹைம் என்பவர் ஒருவகை அவரையிலிருந்து எடுத்திருந்தார். அது எதற்கு உதவும் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

அது தெரியவந்ததிலும் இந்திய மூலிகை ஒன்றுக்குப் பங்குண்டு. ரத்தக் கொதிப்புக்குச் சர்ப்பகந்தா வேர் நல்லது என்று 1949ல் பம்பாய் டாக்டர் வகீல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். 1952ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபாவை ஊசியாகப் போட்டார், எழுந்து ஓடின! இது 1957ல். டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் தீர்ந்துபோனால் அசைவைத் தொடங்கவே முடியாது என்று இதிலிருந்து புரிந்தது. 2000த்தில் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1960ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பவர், இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த வருஷமே அங்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். 1967ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் இதை வாய்வழி மருந்தாக, அளவை மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார். அப்பா சாப்பிடுகிற மாத்திரையின் பூர்வீகம் இதுதான்.

சரி, டோபமைன் என்னதான் செய்கிறது? எங்க ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொல்கிறேன். அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜாரவா மக்களின் காட்டுப் பகுதியைக் கடக்க வேண்டுமென்றால் நினைத்த நேரத்தில் போக முடியாது. கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும், குறித்த நேரத்தில் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். மூடியிருப்பதுதான் அந்தக் கேட்டின் வழக்கமான நிலை. மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்புமுடிச்சுகளும் அப்படித்தான், எல்லா அசைவுகளையும் பிடித்து நிறுத்தியே வைத்திருக்கின்றன. ஒரு செயல் தேர்வானதும் அதற்கு மட்டும் பிடி தளர்கிறது. அப்படித் தளர்வதற்கு டோபமைன் வேண்டும். அது குறைந்தால் வண்டி தயார், டிரைவர் தயார், டீசலும் இருக்கிறது, கேட் மட்டும் திறக்காது.

"எப்போது" என்ற கேள்விக்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. 1964ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கோர்ன்ஹூபர், டீக்கே இருவரும், இஷ்டப்பட்ட நேரத்தில் விரலை அசைக்கச் சொல்லி மூளை மின்னலையைப் பதிவு செய்தார்கள். எப்போது அசைப்பார் என்று முன்கூட்டித் தெரியாதே? அதனால் டேப்பில் பதிந்து, அசைந்த நொடியிலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அசைவுக்கு ஒரு விநாடி முன்பே அலை எழ ஆரம்பித்திருந்தது!

1983ல் பெஞ்சமின் லிபெட் அதில் ஒரு கடிகாரத்தைச் சேர்த்தார். அலை தொடங்கியது அசைவுக்கு சுமார் 0.55 விநாடி முன்பு. "அசைக்கணும்" என்று மனதில் தோன்றியதாக ஆட்கள் சொன்னது சுமார் 0.2 விநாடி முன்பு. நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிட்டதா? சுய விருப்பம் என்பதே பொய்யா? பெரிய சர்ச்சை கிளம்பியது.

1996ல் ஹேன்ஸ், ஷால் இருவரும் குரங்குகளின் கண்ணசைவை ஆராய்ந்தார்கள். நரம்பணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போய் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் கண் நகர்கிறது. உயரம் மாறுவதில்லை, ஏறும் வேகம்தான் மாறுகிறது. ஷாலோடு பணியாற்றிய ஆதித்ய மூர்த்தி பிறகு இந்தியா திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இதே துறையில் ஆராய்ச்சி செய்துவருகிறார். 2012ல் ஷர்கர் குழுவினர் லிபெட்டின் அலைக்கு வேறு விளக்கம் தந்தார்கள். மூளையின் இயல்பான சலசலப்பு தற்செயலாக அந்த உயரத்தைத் தொடும்போது செயல் தொடங்கலாம், பல பதிவுகளைச் சேர்த்துச் சராசரி பார்ப்பதால் அது முன்கூட்டியே எடுத்த முடிவு போலத் தெரிகிறது என்றார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். விருப்பமும் தொடக்கமும் மூளையில் ஒரே பொருள் அல்ல. அப்பாவுக்கு எழ விருப்பம் இல்லாமல் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி தாதா இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே கண்டுபிடித்தார். அப்பா வாசலில் உறைந்து நின்றால் கையைத் தட்டி, "ஏக், தோ, தீன், சலோ!" என்பார். கால் நகர்ந்துவிடும். உள்ளிருந்து தானாகத் தொடங்கும் செயலுக்கும் வெளியிலிருந்து வரும் சைகைக்கு எழும் செயலுக்கும் மூளையில் பாதை ஓரளவு வேறு. 1967லேயே லண்டன் டாக்டர் பர்டன் மார்ட்டின், தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் நடக்க முடியாதவர்கள் கோட்டைத் தாண்டி நடப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாங்களும் வாசற்படிக்கு முன்னால் வெள்ளை டேப் ஒட்டினோம். பலன் இருந்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள பெரியவர்களைப் போனில் பார்த்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு சில விஷயங்கள்:

- உறைந்து நிற்பவரின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், விழுந்துவிடுவார். நிற்கவிட்டு, எடையை இடம் வலமாக மாற்றச் சொல்லி, எண்ணிக்கை சொல்லுங்கள்.
- மாத்திரை நேரம் தவறக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பருப்பு, முட்டை, இறைச்சி அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது.
- "இயற்கைதானே" என்று பூனைக்காலிப் பொடியைச் சொந்தமாகச் சேர்க்காதீர்கள். அதிலும் இருப்பது அதே மருந்து, அளவு கூடிவிடும்.
- நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரலாம். நடை சின்னதாவது, எழுத்து பொடியாவது, முகத்தில் சிரிப்பு குறைவது, குரல் தேய்வது இவற்றைக் கவனியுங்கள்.

வீடியோவில் பேசும்போது அப்பா உடனே பதில் சொல்லாவிட்டால் நான் அடுத்த கேள்விக்குத் தாவுவதில்லை. பத்து வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் ஏழு, எட்டு வரும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறார்.