முதலிடம் எந்தப் பாட்டுக்கு?

பிடித்த பத்துப் பாட்டை வரிசைப்படுத்தினால் ஒன்பது இடத்துக்கு ராஜாவும் எம்.எஸ்.வி.யும் அடித்துக்கொள்வார்கள். முதலிடம் மட்டும் ஓர் இந்திப் பாட்டுக்கு: 'ஏ மேரே வதன் கே லோகோ'. எழுதியவர் பிரதீப், இசை சி. ராமச்சந்திரா.

1963 ஜனவரி 27 அன்று டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் நேரு முன்னிலையில் லதா பாடினார். சீனப் போர் ஓய்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லடாக்கில் ரெசாங் லாவில் 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கோடு நின்ற சுமார் 120 குமாவோன் வீரர்களில் நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. பாட்டு ஒலித்தபோது மேஜரின் உடல் இன்னும் பனியில்தான் கிடந்தது. கண்டெடுத்தது பிப்ரவரியில்.

அந்த ஸ்டேடியத்துக்கு 2002-ல் தயான்சந்த் பெயர் வைத்தார்கள். அவரும் 1922-ல் சிப்பாயாகச் சேர்ந்தவர்தான். 1928, 1932, 1936 என ஹாக்கியில் மூன்று ஒலிம்பிக் தங்கம். 1979-ல் காலமானார். பெயர் வைக்க 23 வருஷம்!

பக்கத்திலேயே, இந்தியா கேட் அருகில், வீரர்கள் பெயரைக் கல்லில் பொறித்த தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019-ல்.

பேங்க்காரன் புத்தி, தேதி பார்க்கிறது. மற்ற மரியாதையெல்லாம் வருஷக்கணக்கில் நிலுவை. பாட்டு மட்டும் இரண்டே மாதத்தில் வந்து சேர்ந்தது. அதனால்தாங்க முதலிடம்.