சமந்தபத்திரரின் பசியும் நோயாளியின் இலையும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், அதன் தெற்கே ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. நம் சிற்றூர்ப் பிள்ளைகளும் அவற்றில் பணிபுரிகின்றனர். அதே சாலையில் மேற்கே சென்றால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனையைக் காணலாம். காஞ்சியில் பிறந்த அண்ணா, நியூயார்க் நகரம் வரை சென்று சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை அவ்வாண்டிலேயே தோன்றியது. அதே காஞ்சியில், வேகவதிக் கரையில், நம் திருப்பருத்திக்குன்றம் உள்ளது.

ஜினகாஞ்சி என வழங்கிய அவ்வூரின் தொன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவருக்கு ஊர் அளித்ததைப் பள்ளன்கோவில் செப்பேடு கூறுகிறது. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-இல் கட்டுவித்தார். ஆயினும் இக்கட்டுரைக்கு வேண்டியது கல்லில் வெட்டப்பட்ட செய்தியன்று. காஞ்சியோடு இணைத்துப் பேசப்படும் ஆசாரியர் ஒருவரின் நோய் பற்றிய செவிவழிக் கதை.

சமந்தபத்திராசாரியார் துறவு பூண்டிருந்த காலத்தில் அவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. உண்டதெல்லாம் உடனே சாம்பலாகிவிட்டதுபோல் தீராப் பசி எடுக்கும் நோய் அது. நாளுக்கு ஒரு முறை, கையில் ஏந்தி, கிடைத்ததை உண்ணும் முனிவர்க்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. நோயின் பொருட்டு விரதத்தைக் குலைக்க விரும்பாத அவர், சல்லேகனை ஏற்று உடலை நீக்க இசைவு தருமாறு குருவை வேண்டினார். குரு மறுத்தார். “உன்னால் அறம் தழைக்க வேண்டியுள்ளது, துறவுக் கோலத்தை இப்போதைக்கு விலக்கிவை, நோய் தீர உண், தீர்ந்தபின் மீண்டும் தீக்கை பெறு” என்பது அவர் ஆணையின் சாரம். சமந்தபத்திரரும் பணிந்தார். வேற்றுக் கோலத்தில் பல ஊர் திரிந்து, சிவகோடி என்னும் அரசனின் சிவாலயத்தை அடைந்து, அங்குப் படைக்கப்பெற்ற அமுதினை நாள்தோறும் உண்டார். அந்த ஊர் காஞ்சி என்கிறது ஒரு வழக்கு. வாரணாசி என்கிறது மற்றொன்று.

வரலாற்றாசிரியர்கள் இக்கதையை வரலாறென ஏற்கமாட்டார்கள். ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு சமூகம் எக்கதையைப் போற்றிக் காத்தது என்பதும் வரலாறே. விரதத்தில் தளராத முனிவரைப் பற்றிய கதைகள் நம்மிடம் நிரம்ப உண்டு. நோயுற்றபோது விரதத்தை நிறுத்தி உண்ணச் சொன்ன குருவின் கதையையும் நம் முன்னோர் அவற்றோடு சேர்த்தே வைத்தனர்.

சமந்தபத்திரர் இயற்றியதாகப் போற்றப்படும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை இக்கதையோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அதன் கருத்துகளைத் தமிழில் நம் இல்லங்களுக்குக் கொண்டுவந்தது அருங்கலச்செப்பு. சல்லேகனைக்குரிய நிலைகளாகப் பெருந்துன்பம், பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றைச் சொல்லும் ஆசாரியர், அவற்றோடு ஒரு நிபந்தனையையும் வைக்கிறார்: அவை பரிகாரம் அற்றவையாக இருத்தல் வேண்டும். மாற்று வழி உள்ளவரை அவ்வாயில் திறப்பதில்லை. அதே நூல், சிராவகர்க்குரிய நான்கு சிட்சாவிரதங்களுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை வைத்து, உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்னும் நான்கையும் அதற்குரிய கொடைகளாக வகுக்கிறது. முனிவர்க்கெனச் சொல்லப்பட்ட பணிவிடைதான் அது. எனினும் உணவையும் மருந்தையும் தனித்தனியே எண்ணியிருப்பதை நோக்குக. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பதில்லை.

இதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சுவையான சான்று உண்டு. சமணரான காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலிய ஐந்தின் வேர்களால் ஆகிய மருந்தின் பெயர் அது. மண்ணுக்கடியில் விளைவதை உணவில் விலக்கும் சமயத்தவர், வேர்களாலான மருந்தின் பெயரைத் தம் அறநூலுக்குச் சூட்டக் கூசவில்லை.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டில் ஒலித்ததும் இரு குரல்கள் எழுகின்றன. “நாம் மரக்கறி உண்பவர், நமக்கு எப்படி வந்தது?” என்பது ஒன்று. “இனி இயற்கை உணவே போதும், ஆங்கில மருந்து வேண்டா” என்பது மற்றொன்று. முதற் குரலுக்கு விடை எளிது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. காய், கனி, பருப்பு, முழுத்தானியம் மிகுந்த உணவு சிலவகைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் குறைக்கும் என்பதும் ஏற்கப்பட்டதே. குறைக்கும் என்பதன்றி அறவே தடுக்கும் என்று யாரும் கூறவில்லை. நோய் வந்தவரை வினைப்பயன் பேசி வாட்டுவது கொல்லாமை ஆகாது.

இரண்டாம் குரல் கொடியது. அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பரவாத நிலையிலுள்ள புற்றுநோய்க்கு உரிய சிகிச்சையைத் தவிர்த்து மாற்று முறைகளை மட்டுமே நாடியோர்க்கு இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. காலம் தாழ்வதன் விலையை நம் மாநிலம் முன்பே அறிந்திருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோய், சீதபேதி எனத் தவறாகக் கணிக்கப்பட்டு, அறியப்பட்டபோது காலம் கடந்திருந்தது. அத்துயரே அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்து. 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. 1955-இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அதனை விட்டு அகலவில்லை.

அப்படியானால் உணவுக்கு இடம் எங்கே? கதைக்கே திரும்புவோம். சமந்தபத்திரரின் நோய் தணியத் தணிய, படைத்த அமுதில் மிச்சம் விழத் தொடங்கியது. அதைக் கண்டே அரசன் ஐயுற்றான் என்பர். பஸ்மகத்தில் மிச்சம் குணத்தின் அடையாளம். புற்றுநோயில் அது தலைகீழ். இலையில் மிச்சம் விழும் நாளிலிருந்தே வீட்டார் கவலைப்பட வேண்டும். நோயும் கீமோதெரபியும் பசியைக் கொல்லும், நாவின் சுவையை மாற்றும், வாயைப் புண்ணாக்கும். எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலிமையும் குறையும். ஐரோப்பிய மருத்துவ உணவியல் கழகத்தின் வழிகாட்டுதல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குமேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இதனை நம் அடுக்களை தரும். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம், அதே அளவு நிலக்கடலையில் 25 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம் புரதம் உண்டு. ஆனால் நோயாளிக்கென நாம் வழக்கமாகக் கொடுப்பது நீர்த்த கஞ்சியும் தெளிந்த ரசமும்! குழைய வெந்த பாசிப்பருப்புப் பொங்கல், நெய்யிட்ட பருப்புச்சாதம், தயிர், உளுந்தங்களி, பன்னீர் என மென்மையும் செறிவும் உடையவற்றை இரண்டு மணிக்கொரு முறை சிறிது சிறிதாகக் கொடுத்தல் நன்று. வடித்துக் காய்ச்சிய நீரையே பருகும் நம் பழைய ஒழுக்கம், வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிக்கு மருத்துவர் சொல்வதோடு அப்படியே ஒத்துப்போகிறது. நலம் என்று எண்ணிக் கசாயமோ பொடியோ தருவோர் அதனை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும், ஈரலையும் தாக்கும்.

இடர் எழுவது இரவுண்ணாமையிலும் பர்வ நாள் நோன்பிலும்தான். கதிரவன் மறையுமுன் ஆறு வேளை சிறிதளவாக உண்ண இயலுவோர் தம் விரதத்தைத் தொடரலாம். இரவில் உணவோடு உட்கொள்ளும் மாத்திரை எழுதப்பட்டவரும், பகலெல்லாம் குமட்டி இரவில்தான் பசி காண்பவரும் என் செய்வது? தசலட்சண நாள்களில் உபவாசம் இருந்தே தீர்வேன் என்னும் தாயாரை என் சொல்லித் தடுப்பது? முதலில் மருத்துவரைக் கேட்க. மனம் அமைதியுறாவிடின், ஜினகாஞ்சி மடம் என்றே பெயர் தாங்கிய மேல்சித்தாமூர்த் திருமடத்துச் சுவாமிகளிடம் விண்ணப்பித்து, சிகிச்சை முடியுமளவும் விரதத்தை நிறுத்திவைக்க இசைவு கேட்கலாம். கேட்கப் போகும் முன் அத்தாயாருக்குச் சமந்தபத்திரர் கதையை ஒருமுறை வாசித்துக் காட்டுக. நோய் தீர்ந்தபின் அவர் மீண்டும் தீக்கை பெற்றார் என்னும் பகுதியையும் விட்டுவிடாமல்.