ஏரி காத்த வாரியம்

உத்தரமேரூர் என்றவுடன் குடவோலை முறையே யாவர்க்கும் நினைவிற்கு வரும். பழந்தமிழகத்தின் தேர்தல் முறை என அதனைப் பாடநூல்கள் போற்றுகின்றன, மேடைகளும் போற்றுகின்றன. ஆனால், அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டோர் ஆற்றிய பணி யாது என ஆராய்வோர் சிலரே. அவர்களுள் அறுவர்க்கு உரிய பணி, ஊர் ஏரியைக் காப்பதாகும்.

ஏரியின் இயல்பு

உத்தரமேரூர் அமைந்த தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லை. பாலாறு பெரும்பாலும் மணலாறே. எனவே, சில திங்களே பெய்யும் மழையைத் தேக்கி வைப்பதன்றி அங்கு வேறு வழியில்லை. மேட்டு நிலத்து மழைநீர் வரத்துக்கால் வழியே ஏரியை அடையும். மதகு வழியே வயலுக்குப் பாயும். மிகுந்த நீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். ஓர் ஊரார் கரையைப் பேணாது விடின், கீழுள்ள ஊர்களும் கெடும். ஆண்டுதோறும் வெள்ளம் கொணரும் வண்டலை அகற்றாவிடின், ஏரி தூர்ந்து மேடாகும். ஆதலின், ஏரியை வெட்டுதல் ஒருமுறைப் பணி. காத்தலோ ஓயாப் பணி.

கல்வெட்டு கூறும் விதிகள்

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் வாரியம் அமைக்கும் முறையை விளக்குகின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். தெரிந்தெடுக்கப்பட்டோருள் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியராயினர். பதவிக் காலம் 360 நாள். முந்திய 3 ஆண்டுகளில் வாரியப் பணி செய்தவர் மீண்டும் வர இயலாது.

இவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படாது. அவருடைய அத்தை மக்கள், மாமன் மக்கள், மைத்துனர், மருமகன் ஆகியோர் பெயரும் இடப்படா. பொதுப்பொருளை உண்டவன், உறவினனை முன்னிறுத்தி மீண்டும் உள்ளே நுழைவான் என்பதை அவ்வூரார் நன்கு அறிந்திருந்தனர் போலும். இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தினர் என்பதும் கருதத்தக்கது. முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை வரம்பு, பின்னர் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது.

பணிக்குப் பொருளும் வேண்டுமன்றோ? தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் பொன்னும் நிலமும் அறமாக அளிக்கப்பட்டதைத் தமிழகக் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. ஏரி மீனால் வரும் வருவாயை அவ்வேரிக்கே செலவிட்டதும் உண்டு.

மறைக்கலாகாத குறை

எனினும், இதனை மக்கள் அனைவரின் ஆட்சி எனப் புகழ்தல் பொருந்தாது. உத்தரமேரூர்ச் சபை பிராமணர் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோர்க்கே குடத்தில் ஓலை இடம்பெற்றது. மண் சுமந்த தோள்களுக்கு அங்கு இடமில்லை. பிற்காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. குளித்தலும் துணி வெளுத்தலும் கூடா எனக் கட்டுப்பாடு வகுத்துத் தூய்மை காத்த ஊருணிகள் பல, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒரு குடம் நீரும் மறுத்தன.

வழக்கமும் சட்டமும்

ஊரார் கூடி நீர்நிலையைச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் மேல் ஊர்க்கிருந்த உரிமை தளர்ந்தது. வருவாயும் அரசுக்கே சென்றது. கடமை மட்டும் ஊரார் தலையில் நின்றது. அவ்வழக்கம் நலியவே, 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டம் சென்னை மாகாணத்தில் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கியது. ஆயினும், உரிமையோடு செய்த பணியைத் தண்டத்திற்கு அஞ்சிச் செய்யுமாறு ஏவியதால் ஏரிகள் செழிக்கவில்லை. 2017-இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பழம்பெயர் மீண்டது நன்றே.

பெயரோடு மீள வேண்டுவது கணக்குக் காட்டும் கடமை. அதனோடு, பழையோர் தர மறுத்த ஒன்றும் சேர வேண்டும். நீரைப் பருகுவோர் யாவராயினும், அவர்தம் ஓலையும் குடத்தினுள் விழ வேண்டும். அவ்விரண்டும் கூடிய ஊரிலேயே நீர் நிலைக்கும்.