தூர்ந்த கால்வாயும் கைவிடப்பட்ட கணினியும்

கற்பிட்டிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒல்லாந்தர் கால்வாயின் கதை புதிதல்ல. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரை சரக்குப் படகுகள் சென்ற நீர்வழி அது. 1926 இல் புகையிரதம் புத்தளத்தை எட்டிற்று; வீதிப் போக்குவரத்தும் பெருகிற்று. கால்வாயைத் தூர்வாரும் அக்கறை தேய்ந்தது. படகுகள் பழுதாகி நிற்கவில்லை. அவை செல்லும் வழிதான் தூர்ந்தது. பழைய கணினிகள் கைவிடப்படுவதும் பெரும்பாலும் இவ்வாறே.

ஒரு காலத்தில் விண்டோஸ் 98 இல், பாமினி எழுத்துருவில் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருங்குறித் தமிழுக்கு அதில் முறையான இடமில்லை. விண்டோஸ் 2000 இலேயே அது லதா எழுத்துருவுடன் வந்தது. ஆகவே எக்ஸ்பிக்கு மாறினேன். தமிழ் தெளிவாகத் தெரிந்தது, அச்சுப்பொறி ஊமையாயிற்று. அதைச் செய்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) புதிய இயங்குதளத்துக்கான இயக்கி மென்பொருளை எழுதவேயில்லை. மை இருந்தது, தாள் இருந்தது, பழுது எதுவுமில்லை.

இயங்குதளத்துக்கும் கருவிக்கும் இடையில் நின்று பேசும் துபாஷிதான் இந்த இயக்கி மென்பொருள். இயங்குதளத்தின் உள்ளமைப்பு மாறும்போது துபாஷியையும் திருத்த வேண்டும். பின்னர் சோதிக்க வேண்டும். விற்றுத் தீர்ந்த கருவிக்காக அந்தச் செலவை ஏற்க நிறுவனங்கள் விரும்புவதில்லை. புதிதாக ஒன்று விற்றால் இலாபம் வேறு.

ஆயினும் எல்லாவற்றையும் பேராசை என்று ஒதுக்கிவிட இயலாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 கணினியில். அந்த 386 க்கான ஆதரவை லினக்ஸே 2012 இல் நீக்கிற்று. பிற்காலச் சில்லுகளில் உள்ள சில கட்டளைகள் 386 இல் இல்லை. அதற்கென்று தனியாக வைத்திருந்த நிரல்கள் ஏனைய வேலைகளையும் சிக்கலாக்கின. இங்கே விற்பனை நோக்கம் ஏதுமில்லை.

2021 இல் வந்த விண்டோஸ் 11 இன் கதை எனக்கு அவ்வளவு எளிதில் செரிக்கவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பாதுகாப்பே காரணம் என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் 2017 இல் புதிதாக வாங்கிய பல கணினிகள் நான்கே ஆண்டுகளில் தகுதியிழந்தன. விண்டோஸ் 10 க்கான பொதுவான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது.

எங்கள் கரைக்குக் கணினி பெரும்பாலும் இரண்டாங்கையாகவே வரும், கொழும்பிலோ வெளிநாட்டு உறவினர் வீட்டிலோ சில ஆண்டுகள் உழைத்த பின்னர். நிறுவனம் ஆயுளைக் கணக்கிடுவது கருவி வெளிவந்த நாளிலிருந்து. எங்கள் பிள்ளைகள் கணக்கிடுவது அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. அப்படித் தகுதியிழந்த சிலவற்றில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. 386 ஐக் கைவிட்ட அதே லினக்ஸ்தான்.