தடவும் கணப்பும் : தமிழகத்திற் குளிர்காய்ந்த முறைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குழித்துறையாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்த ஊர் தேங்காய்ப்பட்டணம். பெயருக்கேற்பத் தென்னை செறிந்த ஊர் அது. மார்கழி, தைத் திங்களின் விடியற்போதிலும் அங்கு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது. மட்டை, கொதும்பு, கதம்பை, சிரட்டை எனத் தென்னை தரும் எரிபொருள்களெல்லாம் அங்கு அடுப்பிற்கே உரியன. உடல் காய்தற்கென விறகு தேடவேண்டிய நிலை அவ்வூரார்க்கு இல்லை. ஆனால், அதே தைத் திங்களில் நீலகிரிமேல் ஏறிக் காண்பார்க்கு வேறொரு நிலம் தோன்றும். கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். வெப்பநிலை சுழியை ஒட்டி இறங்கும். ஒரு மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே இவ்விரு நிலைகளும் உள்ளன.

இவ்வேறுபாட்டை முதற்கண் எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. கடற்கரையிலும் சமவெளியிலும் வாழும் நாம், பழந்தமிழ் நூல்களில் வரும் குளிர்ச் செய்திகளைப் பாடல் மரபென்று கொண்டு எளிதிற் கடந்துபோகின்றோம். அவற்றுள் மக்களின் பொருள்வாழ்வு பொதிந்து கிடத்தலை நோக்குவதில்லை. குளிரைத் தாங்க மாந்தர் எதனை எரித்தனர், எக்கலத்தில் எரித்தனர் என்னும் வினா, அவர்தம் காட்டின் கதையொடு பிணைந்த ஒன்றாகும். தீ இருந்த கலத்தின் வடிவு மாறியபொழுது காட்டின் நிலையும் மாறிற்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகள் ஆறு. அவற்றுள் கூதிர், முன்பனி, பின்பனி என்னும் மூன்றும் குளிரொடு தொடர்புடையன. கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு உரியனவாக வகுக்கப்பட்டமையும் கருதற்பாலது. மலைநிலமே குளிர் மிக்கது என்னும் பட்டறிவு இவ்வகுப்பின் அடியில் உள்ளது. ஆண்டின் ஒரு பாதியைக் குளிரின் படிநிலைகளாற் பகுத்துப் பெயரிட்ட மக்கள், குளிரை அறியாதவராயிருந்திருத்தல் இயலாது.

இதற்குச் சிறந்த சான்று பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை. நக்கீரர் இயற்றிய இப்பாட்டு 188 அடிகளை உடையது. இதன் முற்பகுதி மழையும் வாடையும் கலந்த கூதிர்க் குளிரை நிரல்பட விரிக்கின்றது. வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் கையிற் கொள்ளி ஏந்தி நடுங்குகின்றனர். மாடங்களின் கதவுகள் தாழிடப்பெறுகின்றன. வேனிலுக்கென வனைந்த விசிறிகள் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. குறுகிய வாயையுடைய கன்னலில் உள்ள தண்ணீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயையுடைய தடவில் இட்ட செந்நெருப்பையே நாடுகின்றனர். மகளிர் தகர விறகில் தீ மூட்டி, அகிலும் வெள்ளயிரும் புகைக்கின்றனர்.

இவற்றுள் 'தடவு' என்னும் சொல் நமக்கு இன்றியமையாதது. உரையாசிரியர் இதனை இந்தளம் என விளக்குவர். தணல் இட்டு வைக்கும் கலம் என்பது பொருள். வேனிலுக்குக் கன்னல், கூதிருக்குத் தடவு எனப் பருவத்திற்கேற்ற இருவேறு கலங்கள் வீட்டில் இருந்தன என்பதனை இதனால் அறிகின்றோம். வெறும் கற்பனைக் குளிருக்கு ஒரு கலமும் அதற்கொரு பெயரும் வேண்டுவதில்லை. ஆகவே, நெடுநல்வாடையின் குளிரை மரபு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

தடவின் இயல்பையும் சிறிது நோக்குவோம். அதில் இருப்பது சுடர்விட்டு எரியும் விறகன்று, தணல். மழைக்காலத்தில் நனைந்த விறகு வீடெங்கும் புகை பரப்பும். தணலோ மிகுபுகையின்றி நெடுநேரம் கனலும். அறை முழுவதையும் அது சூடாக்குவதில்லை. அருகில் இருப்பாரின் கையையும் உடலையும் வெதுப்புகின்றது. எனவே சிறிதளவு எரிபொருளே போதியது. கதவடைத்து வெம்மையைக் காத்தல், உடலைப் போர்த்தல், தணலை அண்மையில் வைத்தல் என்னும் மூன்றும் சேர்ந்ததே பழந்தமிழர் முறை என்று கூறலாம். காசுமீரத்தார் தம் நீண்ட மேலாடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் தணற்கலமும் இம்முறையினதே. கடும்பனி பொழியும் நாட்டிலும் இம்முறை நிலைபெற்றுள்ளமை அதன் திறத்தைக் காட்டும்.

போர்வையின் சிறப்பிற்குப் பேகன் செய்தி சான்றாகும். மயில் குளிரால் நடுங்குகின்றது எனக் கருதி அவ்வள்ளல் போர்வை அளித்தமையைச் சிறுபாணாற்றுப்படை பாராட்டுகின்றது. அவன் ஆண்ட நிலம் பழனி மலைப்பகுதி. கொடைமடத்திற்கு எடுத்துக்காட்டாகவே இச்செய்தியை நாம் பயில்கின்றோம். எனினும், குளிர்ந்த மலைநாட்டில் போர்வை எத்துணை அரும்பொருளாக மதிக்கப்பெற்றது என்பதும் இதனாற் புலனாம்.

திருக்குறளும் இங்கு நினைக்கத்தக்கது. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தில், அரசரொடு பழகுவார் மிக அகலாமலும் மிக நெருங்காமலும் தீக்காய்வார் போல ஒழுகவேண்டும் என்கின்றார் வள்ளுவர். கேட்போர் அனைவரும் அறிந்த செயலே உவமையாக நிற்கும். ஆதலின் தீக்காய்தல் அக்காலத்தே பொதுவழக்காக இருந்தது என்பது தெளிவு.

செல்வர் இல்லங்களில் எரிந்த நறுமண விறகோ உள்நாட்டு விளைவு மட்டும் அன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை பின்பனிக் காலத்தைக் கூறுமிடத்து, தொண்டியோர் கலங்களில் வந்த அகில், துகில், ஆரம், கருப்பூரம் முதலியவற்றின் மணத்தைச் சுமந்து கொண்டற்காற்று மதுரையுட் புகுவதாக மொழிகின்றது. குளிர்காலப் புகைக்குரிய அகில் கடல்வழி வந்தது என்பதற்கு இது சான்று. குளிரறியாக் கடற்றுறைகளுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு என்பதை இதனால் உணர்கின்றோம். எனினும் அகில் நறும்புகைக்கு உரியது, அளவிற் சிறிது. காட்டை அழிக்கும் விறகுத் தேவை அதனால் எழவில்லை.

இனி நீலகிரிக்கு வருவோம். உறைபனி நிலத்தில் நெடுங்காலமாக வாழ்பவர் தொதவர். அவர்தம் பழைய இல்லம் அரைப்பீப்பாய் வடிவினது. பிரம்பும் மூங்கிலும் புல்லும் கொண்டு தடிப்பாக வேய்ந்த கூரை நிலம்வரை வளைந்திறங்கும். சாளரம் இல்லை. வாயில், குனிந்து தவழ்ந்து புகுமளவிற்குச் சிறியது. உள்ளே ஓர் அடுப்பு. சமைக்கும் தீயே குளிர்காயும் தீயுமாம். புத்துக்குளி என்னும் பூவேலை செய்த தடித்த போர்வை அவர்தம் உடை. காத்தல், போர்த்தல், சிறுதீயை அணுகுதல் என்னும் அதே மூன்றையும் இங்கும் காண்கின்றோம். தொதவர்மொழி வேறு, வாழ்வுமுறை வேறு. ஆயினும் தடவின் நெறியும் தொதவர் அடுப்பின் நெறியும் ஒன்றே.

இந்நெறி 19-ஆம் நூற்றாண்டில் மாறிற்று. கோயம்புத்தூர் ஆட்சித்தலைவராயிருந்த சான் சலிவன் 1819-இல் நீலகிரிமேற் சென்றார். 1822-இல் உதகையில் தம் கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். பின்னர் ஆங்கிலேயர் பலர் அங்கு மனைகள் எழுப்பினர். உயர்ந்த அறைகள், அகன்ற கண்ணாடிச் சாளரங்கள், சுவரில் அமைந்த கணப்பு, அதன்மேற் புகைபோக்கி என அவர்தம் நாட்டு முறையிலேயே அவை அமைந்தன. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெம்மையிற் பெரும்பகுதி புகையொடு மேலே போய்விடும். அறையைச் சூடாக்க விறகை மேன்மேலும் இடவேண்டும். இதனொடு படைவீரர் குடியிருப்புகளும் ஊர்ப்பெருக்கமும் சேர்ந்தன. உதகையைச் சூழ்ந்த சோலைக்காடுகள் விறகிற்காக வெட்டப்பட்டன.

சோலை மரங்கள் மெல்ல வளர்வன. வெட்டவெளியில் அவற்றின் கன்றுகள் உறைபனிக்குக் கருகும். ஆகவே வெட்டிய காடு மீளவில்லை. இந்நிலையில் ஆத்திரேலிய மரங்கள் கொணரப்பட்டன. இன்று கற்பூரமரம் எனவும் சீகைமரம் எனவும் மலைமக்கள் வழங்கும் இவற்றுள், கற்பூரமரம் 1843-இல் நீலகிரிக்கு வந்தது. விரைந்து வளர்தல், வெட்டிய அடியிலிருந்து மீளத் துளிர்த்தல் என்னும் இயல்புகளால் அது விறகுக்கு ஏற்றதாயிற்று. 1860-களில் அரசே விறகுத் தோட்டங்களை முறையாக வளர்க்கலாயிற்று. எஞ்சிய சோலைகளுக்கு இஃது ஓரளவு காப்பாயிற்று என்பதை மறுத்தல் ஆகாது. ஆனால், மரமில்லாப் புல்வெளிகளைப் பயனற்ற நிலமெனக் கருதி அவற்றில் இம்மரங்களை நட்டமையால் வேறொரு கேடு விளைந்தது. சீகைமரம் வேரிலிருந்து முளைத்தும் விதையாற் பரவியும் புல்வெளிகளை மூடிற்று. மழைநீரை உறிஞ்சிவைத்து ஓடைகளுக்கு அளித்தவை அப்புல்வெளிகளே. தொதவர்தம் எருமைகளின் மேய்ச்சல் நிலமும் அவையே.

இக்கேட்டிற்குக் கணப்பு ஒன்றே காரணம் என்று யாம் கூறவில்லை. காப்பி, தேயிலைத் தோட்டங்களும், தோல் பதனிடும் பட்டைக்காகப் பின்னர் வளர்த்த சீகைத் தோட்டங்களும் சேர்ந்தே மலையின் முகத்தை மாற்றின. எனினும் அயல்மரங்களுக்கு முதலில் வழிதிறந்த தேவைகளுள் விறகுத் தேவை தலையாயது. அம்மரங்களை அகற்றி வாழிடங்களை மீட்டற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வகுக்க நேர்ந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் வந்த மரத்தின் விளைவை இன்றும் எதிர்கொள்கின்றோம்.

தடவின் முறையில் இடரே இல்லை என்றும் கொள்ளற்க. காற்றுப்புகா அறையில் தணல் வைத்து உறங்கினால், அதனின்று எழும் நச்சுவளி உயிரைப் போக்கும். ஓலையும் ஓடும் வேய்ந்த பழைய இல்லங்களில் காற்று புகுந்து வெளியேற இடைவெளிகள் இருந்தன. இக்காலக் கட்டடங்களில் அவை இல்லை. ஆகலின் பழைய கலத்தை மீளக் கொணர்க என்பது எம் கருத்தன்று. வெம்மையைப் பெருக்குவதற்கு முன் வெம்மையைக் காத்தல் வேண்டும் என்னும் அதன் நெறியே நாம் கொள்ளத்தக்கது.

ஆராய்ச்சி மாணவர்க்கு இங்கு ஒரு பணி காத்திருக்கின்றது. தடவு, இந்தளம், கணப்பு, கும்மட்டி முதலிய தீக்கலப் பெயர்களை வட்டாரந்தோறும் தொகுத்து, எவ்வூரில் எவ்விறகு எக்கலத்தில் எரிந்தது என ஆராய்தல் வேண்டும். குளிரறியாத் தேங்காய்ப்பட்டணத்துக் கரையிலும் சிரட்டைக் கரியின் நெடுங்கனலை மக்கள் அறிவர். துணி தேய்க்கும் பெட்டியில் அதனை இட்டுப் பயன்கொண்டவர் அவர். தணலின் அருமையை அறிதற்குப் பனி வேண்டுவதில்லை. கடற்கரை முதல் மலைமுடிவரை அவ்வறிவைத் தொகுப்போமாயின், நெடுநல்வாடையின் ஒரு சொல்லுக்கு உரை காண்பதோடு, நம் காடுகளின் வரலாற்றுக்கும் உரை கண்டவராவோம்.