அடிப்படைச் சரிபார்ப்பும் குக்கியும்: ஒரு வரலாறு

ஓர் இணையத்தளத்திற்கு வருபவர் யார் என்பதை வலை வழங்கி அறிந்துகொள்ளும் பழைய வழிகள் இரண்டு. ஒன்று அடிப்படைச் சரிபார்ப்பு, மற்றொன்று குக்கி. வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றிய இவை, பின்னர் ஒரே நிரலில் சேர்ந்து இயங்கத் தொடங்கின.

பின்னணி

சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒரே ஆள் அடுத்தடுத்துப் பத்துப் பக்கங்களைக் கேட்டாலும், வழங்கிக்கு அவர் பத்து முறையும் புதியவரே.

அடிப்படைச் சரிபார்ப்பு

1996 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1945 ஆவணத்தில் இம்முறை விவரிக்கப்பட்டது. வழங்கி 401 என்ற எண்ணுடன் மறுமொழி தரும். உலாவி பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். பின்னர் அவற்றை பேஸ்64 எழுத்துகளாக மாற்றி ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்பும். இது மறையாக்கம் அன்று. வழியில் பிடிப்பவர் எவரும் எளிதில் படித்துவிடலாம். வெளியேறுவதற்கான ஏற்பாடும் இதில் இல்லை.

குக்கி

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி, இணையக் கடையில் வாங்குபவரின் கூடையை நினைவில் வைக்கும் தேவைக்காகக் குக்கியை உருவாக்கினார். உள்நுழைவுக்கும் அது பயன்பட்டது. கடவுச்சொல்லை ஒரு முறை கொடுத்தால் போதும். அதன்பின் வழங்கி தந்த அடையாளச் சீட்டு மட்டுமே போய்வரும். ஆனால் சீட்டும் திருடப்படலாம் என்பதை 2010இல் வெளிவந்த ஃபயர்ஷீப் என்னும் நீட்சி, பொது வைஃபை இணைப்புகளில் நிரூபித்துக் காட்டியது.

இரண்டும் சேர்ந்தபோது

உலாவியில் வரும் மனிதருக்குக் குக்கி வசதி; தானாக இயங்கும் நிரலுக்கு அடிப்படை முறை எளிது. எனவே வழங்கியின் கையாளி முதலில் குக்கியைப் பார்க்கும். செல்லாவிட்டால் கடவுச்சொல் வரியைப் பார்க்கும். இரண்டும் இல்லையெனில் மனிதரை உள்நுழைவுப் பக்கத்திற்கு அனுப்பி, நிரலுக்கு 401 தரும். கவுச்டிபி தரவுத்தளம் இரு முறைகளையும் ஏற்கிறது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. உலாவியில் அடிப்படை முறையில் நுழைந்தவர் 'வெளியேறு' பொத்தானை அழுத்தினால் குக்கி அழியும்; உலாவியோ நினைவிலுள்ள கடவுச்சொல்லைத் தொடர்ந்து அனுப்பும். பொதுக் கணினியில் அடுத்து அமர்பவர் அவருடைய கணக்கிலேயே இருப்பார். ஆகவே உலாவிக்கு ஒரு வாசல், நிரலுக்கு மற்றொன்று எனப் பிரித்துவைப்பதே நல்லது.

பிற்காலம்

மறையாக்கப்பட்ட இணைப்பு இல்லாமல் அடிப்படை முறை பாதுகாப்பானதன்று என 2015இல் வந்த ஆர்.எஃப்.சி. 7617 எச்சரித்தது. 2020 நவம்பரில் கிட்ஹப் தளம், நிரல்வழிக் கோரிக்கைகளில் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தி, தனிச் சீட்டுகளைக் கட்டாயமாக்கியது. சீட்டு தொலைந்தால் அதை மட்டும் செல்லாததாக்கலாம். கடவுச்சொல் தொலைந்தால் கணக்கே பறிபோகும்.